இலையை எடுக்கும் முன்

நெப்ராஸ்காவில், மக்காச்சோளம் அறுத்துவிட்ட வயல்களுக்கு நடுவே
ஒரு செங்கல் கட்டடம்.
இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை
அந்த மாவட்டத்தின் அத்தனை அலறலும்
ரோவீனா வோட்டாவாவின் இடது காதுக்குத்தான் வரும்,
பத்தொன்பது வருடமாக.

மேற்பார்வையாளர் வேலை மூன்று முறை காலியானது.
மூன்று முறையும் வெளியூர்க்காரர் வந்தார்.
எந்தப் பண்ணைக்கு எந்த மண்சாலை என்று
அவளிடம்தான் கேட்டுக்கொண்டார்.
விண்ணப்பத்தில் ஒரு சின்னக் கட்டம்:
இளங்கலைப் பட்டம் உண்டா, இல்லையா.
வேறெதுவும் எழுத அங்கே இடமில்லை.

இணையத்தில் ஒரு பல்கலைக்கழகம்.
ஆறு மாதத்துக்கு மூவாயிரத்து எண்ணூறு டாலர்.
ஒரு பாடம் முடித்தாலும் அதே காசு,
பத்து முடித்தாலும் அதே காசு.
பந்திக் கணக்கு.
இலையை எடுக்கும்வரை எவ்வளவும் சாப்பிடலாம்.
அவள் பசியோடு உட்கார்ந்தாள்.

இருபது வயதில் பாதியில் விட்ட கல்லூரியிலிருந்து
பழைய மதிப்பெண்களைத் தோண்டி எடுத்து அனுப்பினாள்.
கோணல் குவளை ஒன்று செய்து
தட்டுத்தடுமாறித் தேறிய மட்பாண்ட வகுப்பு
கலைப் பாடமாக ஏற்கப்பட்டது.
அந்தக் குவளையில் இன்னும் பேனாக்கள் நிற்கின்றன.

நாத்தனார் கெய்லீன் சொன்னாள்:
இவ்வளவு வேகமாய் வாங்கினால் அது மைக்ரோவேவ் படிப்பு.
ரோவீனா சொன்னாள்:
ராத்திரி நான் வேறென்ன சாப்பிட்டிருக்கிறேன்.

டிசம்பரில் நிகழ்தகவு.
ஒரு பையில் சிவப்புப் பந்து ஏழு, நீலப் பந்து மூன்று.
கையை விடப் போகும்போது மணி.
மூச்சு இருக்கிறதா? நெஞ்சு ஏறி இறங்குகிறதா?
தரையில் மல்லாத்துங்கள். அழுத்துங்கள். என்னோடு எண்ணுங்கள்,
ஒன்று இரண்டு மூன்று நான்கு
ஒன்று இரண்டு
பதினான்கு நிமிடம்.
வண்டி போய்ச் சேர்ந்தது. இணைப்பு அறுந்தது.
அப்புறம் என்ன ஆயிற்று என்று
இந்த வேலையில் யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை.

பைக்குள் பந்துகள் அப்படியே இருந்தன.
எடுத்த பந்து திரும்பப் போடப்படவில்லை எனில், என்று
கேள்வி தொடங்கியது.
அந்த வரியை மூன்று முறை படித்தாள்.

நெருக்கடிகாலத் தகவல்தொடர்பு என்றொரு பாடம்.
புத்தகத்தைத் திறக்காமலே தேர்வுக்குப் போனாள்.
நாற்பது நிமிடம், ஒரே ஒரு தவறு.
அழுகிறவரிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?
அங்கே தப்பு புத்தகத்தின் பேரில்தான்.
வாதாடியிருக்கலாம்.
மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் தவணையின் கடைசி வாரம், கடைசித் தேர்வு.
காலை ஒன்பது மணி, வேலை முடிந்து வந்த சட்டையோடு.
கேமராவுக்கு அந்தப் பக்கம் செபுவிலிருந்து அர்னெல்,
அவனுக்கு இரவு பத்து.
மேசைக்கு அடியில் காட்டுங்கள், மேடம்.
காதுகளைக் காட்டுங்கள்.
இடது காதுக்கு மேலே
ஹெட்செட் அழுத்தி அழுத்தி விழுந்த தடம்.
அவன் அதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.
அவனுக்கும் அதே இடத்தில் இருந்திருக்கும்.

முடிந்ததும், விதிப்படி எழுதக் கூடாததை எழுதினான்:
நானும் இதில்தான் படிக்கிறேன், இன்னும் நான்கு பாடம்.
எந்தப் பாடம் என்று அவள் தட்டுவதற்குள்
திரை மூடிக்கொண்டது.

கட்டத்தில் டிக் போட ஒரு நொடி ஆனது.
ஏழாயிரத்து அறுநூறு டாலர், அவளுடைய பழைய பிக்கப்பின் விலைகூட இல்லை.
பட்டத்துக்குச் சட்டம் வேண்டுமா, நூற்று எழுபத்தொன்பது டாலர்
என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது.
வேண்டாம்.

தவணை முடிய இன்னும் நான்கு நாள்.
காசு கட்டியாயிற்று.
யாரும் கேட்காத, எதற்கும் கணக்கில் சேராத
வானியல் பாடத்தைத் திறந்தாள்.
வெளியே மறுபடியும் சோளம் அறுக்கிறார்கள்,
இயந்திரங்களின் விளக்குகள் இருட்டில் ஊர்கின்றன.
வியாழனுக்கு எத்தனை நிலாக்கள் என்ற பக்கத்திலேயே
இரண்டு இரவு இருந்தாள்.
மணி அடித்தபோதெல்லாம் எடுத்தாள்.
திரும்பி வந்து
விட்ட நிலாவிலிருந்து
படித்தாள், மெதுவாக.